புது ஹார்ட் டிஸ்க்கும் பழைய நோட்டும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் தணிக்கை அறிக்கை வாசித்தபோது ஒரு அக்கா எழுந்து, "கம்ப்யூட்டர் ரிப்பேருன்னு எங்க சந்தாப் பணத்துல எழுதியிருக்கீங்களே, அப்படி என்னதான் வாங்குனீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் இன்று பெட்டியையே தூக்கி வந்து மேசைமேல் வைத்திருக்கிறோம்.

2024 ஜூன் மாதம் நம் அலுவலகக் கம்ப்யூட்டரில் 'டக் டக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. ஹார்ட் டிஸ்க் உள்ளே தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5400 முறையோ 7200 முறையோ சுற்றும். அதை ஒட்டினாற்போல் ஒரு முள் ஓடித்தான் எழுதும், படிக்கும். அந்த மாதிரி சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். நாங்கள் என்ன செய்தோம்? ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, நாலைந்து தடவை முயற்சி செய்தோம். மறுநாள் திறக்கவே இல்லை. கடையில் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள்.

"கவலைப்படாதீங்க, டி டிரைவ்ல காப்பி போட்டு வச்சிருக்கோம்" என்று நாங்களே ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டோம். அங்கேதான் ஏமாந்தோம். சி டிரைவ், டி டிரைவ் என்பது ஒரே பீரோவில் இரண்டு தட்டு. பீரோவே போனால் இரண்டு தட்டும் சேர்ந்துதான் போகும். மூன்று வருடக் கடன் கணக்கு அப்படிப் போனது.

வாங்கியது இரண்டு. கம்ப்யூட்டர் ஓடுவதற்கு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று. அதில் சுற்றும் தட்டே கிடையாது. கணக்குகளை வைக்க 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்று. எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸை மெக்கானிக் போட்டுக் கொடுத்தார். ஹார்ட் டிஸ்க்கை மாட்டியது நம் கணக்காளரும் நாங்களும்தான். கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ள வேண்டும். நம் உடம்பில் இருக்கும் சின்ன மின்சாரம்கூட உள்ளே இருப்பதைக் கெடுத்துவிடும். பிறகு நாலு ஸ்க்ரூ, இரண்டு ஒயர். அகலமானது கரண்டுக்கு, குறுகலானது தகவலுக்கு. இரண்டும் ஒரு பக்கமாகத்தான் நுழையும், தப்பாகச் சொருக முடியாது. கீழே மட்டும் போட்டுவிடக் கூடாது, முட்டைத் தட்டு மாதிரி பிடிக்க வேண்டும்.

மாட்டி ஆன் செய்தால் புது டிஸ்க்கைக் காணோம்! "கடைக்காரர் ஏமாத்திட்டாரோ" என்று கணக்காளர் பயந்துவிட்டார். அப்படி இல்லை. புது பீரோ தட்டே அடிக்காமல்தான் வரும். டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற இடத்துக்குப் போனால் அது கறுப்புப் பட்டையாக நிற்கிறது. முதலில் இனிஷியலைஸ் செய்யச் சொல்லி, எம்.பி.ஆர்.ஆ, ஜி.பி.டி.யா என்று கேட்கும். எம்.பி.ஆர். பழைய முறை, 2 டி.பி.க்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது. நாங்கள் ஜி.பி.டி. கொடுத்தோம். அப்புறம் தட்டு அடித்து, எழுத்து கொடுத்து, ஃபார்மட் செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் அவசரமே கூடாது. ஃபார்மட் என்றால் இருப்பதைத் துடைப்பது. தப்பான டிஸ்க்கைத் தொட்டால் எல்லாம் போச்சு. அளவைப் பார்த்து அடையாளம் கண்டோம்: ஒன்று 223, இன்னொன்று 931. ஆயிரம் ஜி.பி. என்று வாங்கினது ஏன் 931 என்று நீங்கள் கேட்பீர்கள், நாங்களும் கேட்டோம். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. பொருள் ஒன்றுதான், படிதான் வேறு.

டிஸ்க் தயார். ஆனால் உள்ளே வைக்கக் கணக்கு எங்கே? உங்கள் நோட்டுகளில்தான் இருந்தது. ரொக்கப் புத்தகமும் தனிநபர் பாஸ் புத்தகமும் ஒழுங்காக எழுதிய குழுக்களின் கணக்கை ஒரே வாரத்தில் ஏற்றிவிட்டோம். ஒரு குழு மட்டும், "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்துறீங்கள்ல" என்று பாஸ் புத்தகம் எழுதுவதை நிறுத்தியிருந்தது. வங்கி பாஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாலு சாயங்காலம் உட்கார்ந்தோம். ஒரு சகோதரி கட்டியதாகச் சொல்லும் 1500 ரூபாய்க்கு மட்டும் எங்கேயும் வரவு கிடைக்கவில்லை. அவர் பொய் சொல்பவர் இல்லை என்பது குழுவுக்கே தெரியும். ஆனாலும் அந்தத் தொகை தீர்மானப் புத்தகத்தில் இன்னும் முடியாமல் நிற்கிறது. அதற்கு நாங்களும் காரணம் என்பதை இந்த மேடையில் ஒத்துக்கொள்கிறோம்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் கணக்கு முழுவதையும் தனியாக ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி எடுக்கிறோம். காப்பி எடுத்ததும் ஒரு ஃபைலையாவது திறந்து பார்க்கிறோம். அந்த டிஸ்க் அலுவலகத்தில் இருக்காது, பொருளாளர் அக்கா வீட்டு பீரோவில் இருக்கும். அடுத்த மாதம் முதல் குழுவுக்கு ஒருவராக வந்து இந்த வேலையைப் பழக வேண்டும். யார் வருவது என்று இன்றே தீர்மானம் எழுதிக் கொடுங்கள். டீ குடித்துவிட்டு விருப்பமுள்ளவர்கள் முன்னால் வந்து பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒயரைப் பிடுங்கியாச்சு, ஸ்க்ரூ டிரைவர் மேசைமேல் இருக்கிறது.