சிறுவனுக்கும் ஒலிவாங்கி

(வானொலி மறையுரை)



1993 ஜூலையில் ‘ஜென்டில்மேன்’ திரைப்படம் வெளிவந்தது. அதில் வரும் ‘சிக்குபுக்கு ரயிலே’ பாட்டு அன்று ஒலிக்காத தெரு இல்லை. பூந்தமல்லி குருமடத்தில் மாணவர்களாக இருந்த எங்களுக்கும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி வழியாக அது மதிலைத் தாண்டி வந்தது. பிரபுதேவாவின் ஆட்டத்தைப் பற்றியே எல்லாரும் பேசினோம். சுரேஷ் பீட்டர்ஸின் குரலோடு கேட்கும் அந்தச் சிறுவனின் குரல் யாருடையது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அவன் பெயர் ஜி.வி. பிரகாஷ் குமார். படம் வந்தபோது அவனுக்கு வயது ஆறு. 2006இல், 19 வயதில், ‘வெயில்’ படத்துக்கு இசையமைத்தார். அதைத் தயாரித்தவர் ஷங்கர். ‘ஜென்டில்மேன்’ படத்தை இயக்கியவரும் அவரே.

‘ஏ.ஆர். ரகுமானின் அக்கா மகன், வாய்ப்புக் கிடைத்தது’ என்பீர்கள். உண்மைதான். ஆனால் ‘ரோஜா’ வெளிவந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. புதிதாக வந்த இசையமைப்பாளர், சின்னப் பிள்ளையை நம்பி ஒலிவாங்கி முன் நிறுத்தினார். சொந்தம் இருந்ததால் நிறுத்தினார் என்றால், ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று ஞாயிறுதோறும் செபிக்கிற நாம் எத்தனை பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறோம்?

கோவில் விழாவில் பதிவான ஒரு குரலும் உண்டு. 1957 ஜூலை 6 அன்று, இங்கிலாந்தின் லிவர்பூலில், தூய பேதுரு ஆலய விழாவில் 16 வயது ஜான் லெனன் தன் நண்பர்களோடு பாடினார். பங்கு இளைஞர்களின் கூச்சல் என்று அதைத் தள்ளிவிடவில்லை, மேடை கொடுத்தார்கள். ஒருவர் ஒலிநாடாவில் பதிவும் செய்தார். பீட்டில்ஸ் குழு உலகப் புகழ் பெற்று, லெனன் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1994இல் அந்த நாடா 78,500 பவுண்டுக்கு ஏலம் போனது. விலை எனக்கு முக்கியமில்லை. பிள்ளைகளை நட்சத்திரமாக்கத் தொலைக்காட்சிப் போட்டிகளுக்கு விரட்டுகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

சிறுவன் சாமுவேலை நினைத்துப் பாருங்கள். மூன்று முறை எழுந்து ஓடி வந்தவனை முதியவர் ஏலி எரிந்து விழவில்லை. ஆண்டவருக்கு எப்படிப் பதில் சொல்வது என்று கற்றுக்கொடுத்தார். அந்தக் குரல் கொண்டுவந்ததோ ஏலியின் வீட்டுக்கு எதிரான தீர்ப்பு. விடிந்ததும், எதையும் மறைக்காமல் சொல் என்றார் ஏலி. அவருடைய வேறு குறைகள் எதுவாயினும், இந்த ஒன்றுக்காக அவரை நான் மதிக்கிறேன்.

மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: “நன்கொடை கொடுத்தவங்க பேரை மட்டும் ஏன் சாமி கல்லுல வெட்டுறாங்க?” ஆசிரியை அவளை அதட்டி உட்காரவைத்தார். திருவிழாத் திருப்பலியில் பதிவுசெய்த இசையை ஓடவிட்டு, “சத்தம் வேண்டாம், வாயை மட்டும் அசைங்க” என்று பிள்ளைகளுக்குச் சொல்வதும் நம் பங்குகளில் நடக்கிறது. சுருதி தப்பினால் தப்பட்டுமே! பாடகர் குழுப் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வரும் ஞாயிறு எங்கள் கோவிலில் பதிலுரைப் பாடலை நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பாடுகிறார்கள். ஒலிவாங்கியின் உயரத்தைக் குறைத்து வைக்க உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தச் சிறுமிக்கு நான் இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.