இணைய வணிகத்தில் விலையும் வாய்மையும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தில் உப்பளப் பாத்திகள் விரிந்து கிடப்பதைக் காண்பார்கள். கோடையில் வாரிய உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும், உற்பத்தி நின்றுவிடும். அதன்பின் சேமித்து வைத்த உப்பே விற்பனைக்கு வரும்.

அம்பாரத்தின் முன் நிற்பவர் உள்ளே கையை விட்டுப் பார்க்கலாம். ஈரம் இருந்தால் விரல் சொல்லிவிடும். ஈர உப்பை எடைபோட்டு வாங்குபவர் தண்ணீருக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்கள் நனைந்த செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் கூறினார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். தானியம் நனைந்தது குற்றமாகவில்லை. அதை மறைத்ததே குற்றமாயிற்று.

இன்று நம் பிள்ளைகள் பலர் இணையத்தில் மொத்த வியாபாரம் செய்கிறார்கள். 1996இல் தொடங்கிய இந்தியாமார்ட், மத்திய அரசு 2016இல் தொடங்கிய ஜெம் போன்ற தளங்களில் பொருளின் படத்தையும் விலையையும் சலுகையையும் விற்பவரே பதிவு செய்கிறார். வாங்குபவரோ வெகு தொலைவில் இருக்கிறார். குவியலுக்குள் கையை விட அவருக்கு வழியில்லை. நீங்கள் எழுதும் சொல்லே அவருக்குக் கண்ணும் கையும் ஆகும்.

எது சலுகை? எது ஏமாற்று?

ஒரு மூட்டையின் வழக்கமான விலை 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 800 என்று எழுதி, அதை அடித்துவிட்டு, ‘50 சதவீதத் தள்ளுபடி’ என்று அறிவித்தால் அது சலுகை ஆகுமா? ஒருநாளும் விற்காத விலையை விற்றதாகக் காட்டும் பொய்யன்றோ அது!

நூறு மூட்டை வாங்குவோருக்கு மூட்டை 370 ரூபாய் என்று அறிவிப்பதில் தவறில்லை. ஒரே லாரியில் ஏற்றுவதால் மிச்சமாகும் செலவில் வாங்குபவருக்கும் பங்கு கிடைக்கிறது. ஆனால் லாரி வாடகை, ஏற்றுக்கூலி ஆகியவற்றை மறைத்துவைத்து, பணம் செலுத்தும் கட்டத்தில் சேர்ப்பது நேர்மையாகாது. ‘இன்று மட்டும்’ என்று நாள்தோறும் எழுதுவதும் அத்தகையதே. விலை ஏறிவிட்டால் புதிய விலையைப் பதியுங்கள். ஆனால் பழைய விலையில் ஏற்றுக்கொண்ட ஆர்டரைப் பழைய விலைக்கே அனுப்புங்கள்.

வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்பதை நபியவர்கள் தடுத்தார்கள். நம் பொருளுக்கு நாமே வாடிக்கையாளர் பெயரில் பாராட்டு எழுதுவதும் அந்த வஞ்சகத்தின் வகையே. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் இதைத் தடை செய்கின்றன. போலி அவசரம், ஒளித்துவைத்த கட்டணம் போன்ற 13 தந்திரங்களைத் தடுத்து 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். மறுவிற்பனைக்காக வாங்குபவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆகவே உங்களிடம் மொத்தமாக வாங்கும் சிறு கடைக்காரர் ஏமாற்றப்பட்டால், நுகர்வோர் ஆணையத்தின் கதவு பெரும்பாலும் அவருக்குத் திறக்காது. அவருக்கும் உங்களுக்கும் இடையே நிற்பது உங்கள் இறையச்சம்தான்.

உற்பத்தியாளரின் உரிமை

நேர்மை வாங்குபவரோடு முடிந்துவிடுவதில்லை. சந்தை நிலவரம் அறியாத வணிகக் கூட்டத்தினரை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு சரக்கை வாங்குவதை நபியவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தால், விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் அளித்தார்கள். கைப்பேசியில் சந்தை விலையைப் பார்த்துவிட்டு, அதை அறியாத உப்பள உற்பத்தியாளரிடம் அடிமாட்டு விலைக்குக் கேட்பவர் இதைச் சிந்திக்க வேண்டும். உச்சி வெயிலில் உப்பு வாரியவரின் கூலியும் அந்த விலைக்குள்தான் அடங்கியிருக்கிறது.

மழைக்காலத்தில் விலை ஏறுவதே பாவம் என்று எண்ண வேண்டாம். மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை நிர்ணயம் செய்து தருமாறு மக்கள் வேண்டியும் நபியவர்கள் அதைச் செய்யவில்லை. ஆனால் தட்டுப்பாட்டை உண்டாக்குவதற்காகப் பதுக்குவதை அவர்கள் கண்டித்தார்கள்.

எனவே சகோதரர்களே, இன்றிரவே உங்கள் கடைப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். அடித்துக் காட்டிய விலை உண்மையில் விற்ற விலைதானா? எடையும் தரமும் எழுதியபடி உள்ளனவா? சரக்கில் ஈரம் இருந்தால் அதைச் சொல்லியிருக்கிறீர்களா? வீட்டிலுள்ள தாய்மார்களே, கணவரும் பிள்ளைகளும் கொண்டுவரும் வருமானத்தைப் பற்றி அன்போடு இக்கேள்விகளைக் கேளுங்கள். அந்த வருமானம்தான் நம் குழந்தைகளின் தட்டில் உணவாகிறது.

வல்ல அல்லாஹ் நம் வாணிபத்தில் வாய்மையையும், குறைந்த இலாபத்திலும் நிறைந்த பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.