மூளைத் தமனிப் புடைப்பும் நம் இல்லங்களின் கடமையும்



நாம் மருத்துவம் பயின்றோரல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுடன் காலங்கழிப்போர். ஆயினும், நம் குடியிருப்பு அன்பர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு நேர்ந்ததை உடனிருந்து கண்டமையால், சில சொற்கள் கூற முன்வந்தோம்.

அவருக்கு ஒரு கண்ணின் இமை தாழ்ந்தது. பொருள்கள் இரட்டையாகத் தெரிந்தன. கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்று நாமே கூறினோம். அது நம் பிழை. மூளையின் தமனியொன்றின் சுவர் நலிந்து, பழைய சைக்கிள் டியூபைப் போலப் புடைத்து, கண்ணை இயக்கும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அனியூரிசம் எனப்படும் இப்புடைப்பு வெடிப்பின், உயிருக்கே இறுதி நேரலாம்.

1937-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி, மண்டையோட்டைத் திறந்து, இத்தகைய புடைப்பொன்றின் கழுத்தில் கவ்வியிட்டு மூடினார். 1990-இல் குக்லியெல்மி என்பார், இரத்தக் குழாய் வழியே நுண்குழல் செலுத்தி, புடைப்பினுள் பிளாட்டினச் சுருள்களை நிரப்பும் தம் முறையை நோயாளிகளிடத்துக் கையாளத் தொடங்கினார். ஆனால் புடைப்பின் கழுத்து 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகன்றிருப்பின், சுருள் நழுவித் தமனிக்குள் வந்துவிடக்கூடும். அதனைத் தடுக்கவே, ஸ்டென்ட் என்னும் மெல்லிய கம்பிவலைக் குழாயைக் கழுத்தின் குறுக்கே தமனியினுள் நிறுத்துகின்றனர். சுருள் உள்ளே தங்கும். குருதி தன் வழியே செல்லும்.

நம் அன்பருக்கும் இவ்வாறே செய்தனர். எனினும், அந்த வலையின் மீது குருதி உறைந்து தமனி அடைபடும் அபாயம் உண்டு. ஆகவே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தவறாது உண்ணுமாறு பணித்தனர். மூன்றாம் திங்களில் அவர், "உடம்பில் ஒரு குறையுமில்லை, இனி மாத்திரை எதற்கு?" என்றார். அவர் துணைவியார் இணங்கவில்லை; நாள்தோறும் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். இன்று அவ்விருவரும் இவ்வவையில் நம்முடன் அமர்ந்திருக்கின்றனர்.

மருத்துவர் பணி சில மணி நேரத்தில் முடிகிறது. இல்லத்தின் பணியோ அன்றுதான் தொடங்குகிறது. பல் பிடுங்க நேரினும், விடுமுறையில் ஊருக்குச் சென்றாலும், சிகிச்சை செய்த மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தலாகாது. புகைப்பதை விட்டொழிப்போம், இரத்த அழுத்தத்தை அளந்து கட்டுப்பாட்டில் வைப்போம். இடி விழுந்தாற்போல் திடீரெனக் கடுந்தலைவலி வரின், தைலம் தடவிக் காத்திராது, அக்கணமே மருத்துவமனைக்கு விரைவோம். இமை தாழ்ந்த அண்டை வீட்டாருக்குக் கண்ணாடி மாற்றச் சொல்லும் பிழையை இனி நாம் செய்யோம்.