மாநகரும் சிறுநகரும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் தவறாமல் கூடிவரும் இவ்வட்டத்தில், இலக்கியத் தலைப்பு ஒன்றில்தான் என்னைப் பேசச் சொல்வார்கள் என்று எண்ணியிருந்தேன். மாநகர வாழ்க்கையின் இடர்களையும் சிறுநகரங்களின் எதிர்காலத்தையும் பற்றிப் பேசுமாறு பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டனர். எண்ணிப் பார்த்தால், மகனையோ மகளையோ சென்னைக்கு அனுப்பிவிட்டுத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வழிமேல் விழிவைத்துக் காத்திராதவர் இவ்வவையில் மிகச் சிலரே. ஆகவே இது கும்பகோணத்தின் பொருளே ஆகும்.

நகரைப் பழிப்பதும் நாட்டுப்புறத்தைப் புகழ்வதுமே தமிழ் மரபு என்று மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. நூல்கள் அதற்குச் சான்று தரவில்லை. நம் முதற்காப்பியமாகிய சிலப்பதிகாரம் தன் மூன்று காண்டங்களுக்கும் புகார், மதுரை, வஞ்சி எனத் தலைநகரங்களின் பெயர்களையே சூட்டிக்கொண்டது. மாங்குடி மருதனார் மதுரையின் பகற்கடைகளையும் இரவுக்கடைகளையும் களிப்போடு காட்டுகிறார். பட்டினப்பாலை போற்றும் காவிரிப்பூம்பட்டினமோ, வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்து வெவ்வேறு மொழி பேசியவர்கள் பகையின்றி அடுத்தடுத்துக் குடியிருந்த ஊர். ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். சோழர்க்குப் புகாரோடு உறையூரும் இருந்தது. பாண்டியர்க்கு மதுரையோடு கொற்கையும், சேரர்க்கு வஞ்சியோடு முசிறியும் தொண்டியும் இருந்தன. நாட்டின் பாரம் முழுவதையும் ஒரே நகர் தலையில் தாங்கவில்லை.

இன்று சென்னை அவ்வாறு தாங்குகிறது. தலைமைச் செயலகம், துறைமுகம், திரைப்படத் தொழில், கணினி நிறுவனங்கள், பெருமருத்துவமனைகள், பதிப்பகங்கள் என எல்லாம் அங்கேயே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 555 பேர் வாழ்ந்தனர். சென்னை மாவட்டத்திலோ 26,000 பேருக்கும் மேல். அதே ஆண்டில் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. எல்லையை விரிக்கலாம், ஏரியை விரிக்க முடியுமா?

ஏரிகளைச் சுருக்கித்தான் அந்நகர் வளர்ந்தது. 1920களில் தியாகராய நகர் எழுந்தது மாம்பலத்துப் பேரேரியின் நிலத்தில். வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடமும் முன்பு நுங்கம்பாக்கம் ஏரியாக இருந்ததே. கடவுள் வாழ்த்தை அடுத்த அதிகாரத்திலேயே மழையைப் போற்றிய புலவருக்கு ஏரி இருந்த இடத்தில் கோட்டம் எடுத்திருக்கிறோம் என்பதைத் தமிழாசிரியையாகிய நான் சற்று வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒரு பகுதி குப்பைமேடாயிற்று. ஒரு பகுதி கட்டடங்களாயிற்று. எஞ்சியது 2022இல்தான் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இவற்றின் பயனை நாம் கண்கூடாகக் கண்டோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வீடுகளுக்குள் புகுந்தது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், ஏரிகள் வெடித்துக் கிடக்க, ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீரை ரயிலில் ஏற்றி வந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் வெள்ளம்.

இதில் நமக்கும் ஓர் உறவு உண்டு. நமக்கு அணித்தேயுள்ள அணைக்கரையில், கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு நீர் செல்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உழவுக்கென அமைந்த ஏரி அது. 2004 முதல் அதன் நீர் 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு குழாயில் பயணம் செய்து சென்னையின் குடங்களை நிரப்புகிறது. தாகத்துக்கு நீர் கொடுப்பதைக் குறைசொல்ல நான் வரவில்லை. அங்கே குடிப்பவர்களும் நம் பிள்ளைகளே. மக்கள் போன இடத்துக்கெல்லாம் நீரைக் கொண்டுபோக வழி கண்ட நாம், நீர் இருக்கும் இடத்தில் மக்கள் தங்குவதற்கு ஏன் வழி காணக் கூடாது என்பதே என் கேள்வி.

வாடகை, நெரிசல், புகை, நாளில் மூன்று மணி நேரத்தை விழுங்கும் பயணம் ஆகியவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உங்கள் பிள்ளைகளின் தொலைபேசியே நாள்தோறும் உரைக்கிறது.

அறிந்திருந்தும் அவர்கள் ஏன் திரும்புவதில்லை? 2020இல் தீநுண்மிப் பெருந்தொற்றின்போது ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினர். நம் தெருக்களிலும் திண்ணைக்குப் பின்னுள்ள அறைகளில் கணினியை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்கு வேலை பார்த்தார்கள். வேலை நின்றுவிடவில்லை. அலுவலகம் அழைத்ததும் போய்விட்டார்கள். எனவே, ஊரின் காற்றையும் காவிரியையும் புகழ்ந்து 'திரும்பி வாருங்கள்' என்று அறிவுரை கூறுவதால் ஒருவரும் வரப்போவதில்லை. வேலை தரும் நிறுவனங்கள் முதலில் இடம்பெயர வேண்டும்.

அது நடவாத செயல் அன்று. 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைத் தஞ்சையில் நிறுவினார்கள். ஆய்வாளர்கள் தஞ்சைக்கு வந்தார்கள். அதே பத்தாண்டில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தலைநகரையே திருச்சிக்கு மாற்ற எண்ணினார். அது எண்ணமாகவே நின்றது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. அதுவரை கன்னியாகுமரி மாவட்டத்து ஏழை வழக்காடி ஏறத்தாழ 700 கிலோமீட்டர் கடந்து சென்னையில் வழக்குரைஞரைத் தேட வேண்டியிருந்தது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் மென்பொருள் பணியைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. 2024இல் அரசின் சிறிய டைடல் பூங்காக்கள் விழுப்புரத்திலும் சேலத்திலும் நம் தஞ்சையிலும் திறக்கப்பட்டன. நல்ல தொடக்கம் எனலாம். ஆயினும் கட்டடம் மட்டும் வந்தால் போதாது. பிறந்த குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் தஞ்சைக்கு ஓடவேண்டிய நிலை இருக்குமானால், இளந்தம்பதியர் இங்கே குடியேறத் தயங்கவே செய்வர்.

சிறுநகரில் அறிவு வாழ்க்கைக்கு இடமில்லை என்போர்க்கு நான் விடை கூற வேண்டுவதில்லை, ந. பிச்சமூர்த்தியும் கு. ப. ராஜகோபாலனும் பிறந்த இம்மண்ணே விடை கூறும். எம். வி. வெங்கட்ராம் இங்கே சரிகை வணிகமும் செய்தார். 'தேனீ' இதழும் நடத்தினார். 'காதுகள்' நாவலுக்காக 1993இல் சாகித்திய அக்காதெமி விருதும் பெற்றார். கோவில்பட்டி என்னும் கரிசல் நகர் தந்த எழுத்தாளர்களின் பட்டியலைச் சொல்லப் புகுந்தால் தலைவர் மணி அடித்துவிடுவார்.

இனி, சிலருக்குக் கசக்கக்கூடிய பகுதிக்கு வருகிறேன். என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி சென்னையில் நால்வர் பகிரும் அறையில் தங்கி வேலை பார்க்கிறாள். "ஊர்ப்பக்கம் வேலை கிடைத்தால் வருவாயா?" என்று கேட்டேன். "அம்மா, இங்கே தண்ணீர் கிடையாது, நல்ல காற்றும் கிடையாது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு நான் வந்தால் ஏன் என்று தெரு கேட்பதில்லை" என்றாள். மற்றொரு மாணவன் சொன்னது இன்னும் சுடுவது. "ஊரில் 'எந்தத் தெரு?' என்று கேட்பார்கள் அம்மா. அது முகவரி கேட்பதன்று" என்றான். அவன் கருதியது என்ன என்பது இங்குள்ள அனைவருக்கும் விளங்கும். 1948 நவம்பரில் அரசியலமைப்பு அவையில் அண்ணல் அம்பேத்கர் கிராமங்களை அத்துணைக் கடுமையாகச் சாடியதற்குக் காரணமும் இதுவே. சென்னையிலும் வாடகை வீட்டுக்காரர் 'சைவமா?' என்று கேட்டுக் குலம் அறிய முயல்வதுண்டு, மறுக்கவில்லை. எனினும் பேருந்தில் அருகே அமர்பவர் கேட்பதில்லை. மூச்சுமுட்டும் அந்நகரில் அவர்கள் மூச்சுவிடும் இடம் அதுவே. அதை இங்கே தராமல் அவர்களை அழைக்க நமக்கு உரிமை இல்லை என்று கருதுகிறேன்.

மற்றோர் அச்சமும் உண்டு. நம் ஊர் 2021இல் மாநகராட்சியாயிற்று. மகிழ்ச்சியே. ஆனால் மகாமகக் குளத்துக்கும் பொற்றாமரைக் குளத்துக்கும் அப்பால் நம் சிறு குளங்களும் வாய்க்கால்களும் இன்று எந்நிலையில் உள்ளன என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. சென்னை நூறாண்டுகளில் செய்ததை நாம் இருபதே ஆண்டுகளில் செய்து முடித்துவிடலாம். அத்துணை விரைவு நமக்கு உண்டு.

இறுதியாக இவ்வட்டத்துக்கு என் விண்ணப்பம் இரண்டு. நம் கூட்டங்கள் மாலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிகின்றன. வரும் ஆண்டிலிருந்து ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். வேலை முடிந்து வரும் பெண்கள் இப்போது பின்வரிசையில் மூவராக அமர்ந்திருக்கிறார்கள், அவர்கள் முப்பதின்மர் ஆகட்டும். அடுத்து, வேலைக்காக இவ்வூருக்கு வரும் பெண்கள் தங்குவதற்கு நல்ல விடுதி ஒன்று வேண்டுமென்று மாநகராட்சிக்கு ஒரு தீர்மானம் அனுப்புங்கள். அதன் வரைவை நானே எழுதித் தருகிறேன்.