சிற்றாற்று நீருக்கும் கணக்கு வேண்டும்

(திருவண்ணாமலையில் ஊராட்சி உறுப்பினர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நெருப்புத் தலமெனப் போற்றப்படும் திருவண்ணாமலையில் நீரைப் பற்றிப் பேச நாம் கூடியிருக்கிறோம். 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேலான நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அணையின் நீர்வரத்து நாள்தோறும் அளக்கப்படுகிறது. ஆனால் தென்பெண்ணையைச் சென்று சேரும் துரிஞ்சலாறு போன்ற சிற்றாறுகளோ மழைக்காலத்தில் ஓடிக் கோடையில் வெறும் மணலாய்க் கிடப்பவை. ஏரிக்கு வரவேண்டிய நீர் குறைந்தால், "மேலூரார் மறித்துக்கொண்டனர்" என்று கீழூரார் குற்றம் சாட்டுகின்றனர். நீர் உண்மையில் எங்கே சென்றது என்பதை அளந்து பார்த்தால் அன்றி இப்பூசல் தீராது.

அளப்பது அரிய வித்தையன்று. ஆறு நேராக ஓடும் இடத்தில் 20 மீட்டர் நீளத்தைக் கயிறு கட்டிக் குறித்துக்கொள்வோம். எடுத்துக்காட்டாக, நீரின் அகலம் 10 மீட்டர், பல இடங்களில் அளந்த ஆழத்தின் சராசரி 0.3 மீட்டர் எனில், குறுக்குப் பரப்பு 3 சதுர மீட்டர். ஒரு தேங்காயை மிதக்கவிட்டால் அது 40 விநாடியில் 20 மீட்டரைக் கடக்கிறது என்போம். மேற்பரப்பின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அடிநீர் மெதுவாக ஓடுவதால் இதனை 0.85-ஆல் பெருக்க வேண்டும். இவ்வாறு கிடைக்கும் நீர் விநாடிக்கு 1,275 லிட்டர், அதாவது 45 கன அடி. மிதவையை மூன்று நான்கு முறை விட்டுச் சராசரி காண்பது நலம்.

மழையில்லாத நாளில், ஓட்டம் ஏறியிறங்காமல் நிலையாக உள்ளபோது, 5 கிலோமீட்டர் கீழேயும் இவ்வாறே அளப்போம். அங்கே 36 கன அடி இருப்பதாகக் கொள்வோம். குறைந்தது 9. இடையில் வேறு ஓடை எதுவும் சேரவில்லை. ஒரு கால்வாய் மட்டும் 4 கன அடி எடுக்கிறது. மீதி 5 எங்கே?

வெயில் குடித்ததா? ஒரு நாளில் 6 மில்லிமீட்டர் ஆவியானாலும், இந்த 5 கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் போவது விநாடிக்கு 4 லிட்டருக்கும் குறைவே. கால் கன அடிகூட இல்லை. ஏனையதில் பெரும்பகுதியை உறிஞ்சியது மணற்படுகை. சிறிதளவு கரையோர மரங்களும் சீமைக் கருவேலும் குடித்தவை. ஏரியின் நிலை வேறு. 40 ஹெக்டேர் பரப்பில் நீர் நிற்கும் ஏரியில், அதே வெயில் விநாடிக்கு ஒரு கன அடி வீதம் இரவுபகலாகக் கவர்ந்துவிடும். ஆற்றில் மணல் குடிக்கிறது. ஏரியில் வெயில் குடிக்கிறது.

மணல் குடித்தது முழுவதும் நஷ்டமன்று. நம் மாவட்டத்தில் பெரும்பாலும் கடும்பாறையே அடித்தளம். அதன் மேலுள்ள மணலும் சிதைந்த பாறையுமே நமது கிணறுகளுக்கு நீர்க்களஞ்சியம். ஆயினும் கரையோரக் கிணறுகளில் ஓயாது மோட்டார் ஓடினால், ஆறு இழக்கும் நீரும் கூடும். அப்போது கீழூருக்கு நீர் குறைவது மேலூர் மதகினால் மட்டுமன்று. இரண்டு ஊர்க் கிணறுகளுக்கும் அதில் பங்குண்டு.

கீழே அளந்த 36-உடன் கால்வாய் எடுத்த 4-ஐக் கூட்டினால் 40. அக்கால்வாய் இல்லாவிடில் கீழூருக்கு ஏறத்தாழ அவ்வளவு வந்திருக்கும். அதற்கும் மேலே எடுக்கப்பட்டதையும் தேக்கப்பட்டதையும் இவ்வாறே சேர்த்துக்கொண்டு போனால், ஆற்றின் இயற்கை வரத்தை ஒருவாறு மதிப்பிடலாம். நீரைப் பங்கிடும் பேச்சு இதிலிருந்து தொடங்குவதே முறை.

ஆகவே ஒவ்வோர் ஊராட்சியும் பாலத்தூணில் அளவுக் குறியிட்டு, நீர் ஓடும் நாள்களில் காலைதோறும் அதன் உயரத்தைப் பதிவேட்டில் எழுதி வரவேண்டுகிறோம். வெவ்வேறு உயரங்களில் மிதவை கொண்டு அளந்து வைத்தால், பின்னர் உயரத்தைக் கொண்டே ஓட்டத்தை மதிப்பிடலாம். வெள்ளம் படுகையை மாற்றினால் மீண்டும் அளக்க வேண்டும். வெள்ளம் சுழித்தோடும் நேரத்தில் எவரும் ஆற்றில் இறங்கலாகாது.

தடுப்பணை கேட்டு மனு எழுதுமுன் மேலூரும் கீழூரும் ஒரே நாளில் அளந்து, ஒரே ஏட்டில் கையெழுத்திடட்டும். கணக்கு ஒன்றாக இருந்தால் வழக்குக் குறையும்.