இரை தேர்தல்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

யான் புலவன் அல்லன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணியாற்றுபவன். ஆயினும், ஓய்வு நேரத்தில் தமிழ் நூல்களைப் புரட்டும் பழக்கமுடையேன். அவ்வாறு கண்ட 'இரை தேர்தல்' என்னும் தொடரைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

'இரை' என்பது பறவைக்கும் விலங்குக்கும் உரிய உணவு. மாந்தர் உண்பதை இரை என்றால் இழிவாகக் கருதுவோம். எனினும், உண்ட சோறு சென்று தங்கும் நம் உறுப்புக்கு 'இரைப்பை' என்றே பெயர். பசியின் முன் எல்லா உயிரும் ஒன்றே என்பதை அச்சொல் நமக்கு உணர்த்துகின்றது.

இனி, 'தேர்தல்' என்பதைக் காண்போம். இது 'தெரி' என்னும் சொல்லோடு உறவுடையது. நாடுதல், ஆராய்தல், தெரிந்தெடுத்தல் என்பன இதன் பொருள்கள். இல்லாததை நாடி அலைவது தேடுதல். கண்டவற்றுள் தக்கதைத் தெளிந்து கொள்வது தேர்தல். சங்கப் பாடல்களில் நீர்நிலையில் நிற்கும் குருகு இரை தேர்கின்றது. குறுந்தொகையின் 2ஆம் பாடலில் இறையனார், மலர்தோறும் செல்லும் தும்பியின் வாழ்க்கைக்கும் இச்சொல்லையே ஆள்கின்றார். கொக்கின் பொறுமையைத் திருவள்ளுவர் 'காலமறிதல்' அதிகாரத்தில் அரசர்க்கே உவமையாகக் காட்டுகின்றார். பசித்த பறவையும் கண்டதையெல்லாம் கொத்துவதில்லை என்பதை நம் முன்னோர் கூர்ந்து நோக்கினர்.

அச்சொல்லே இன்று வளர்ந்து நிற்கின்றது. மாணவர் எழுதுவது தேர்வு; மக்கள் வாக்களிப்பது தேர்தல். நீர்க்கரையில் குருகு செய்த தொழில், பள்ளிக்கும் ஆட்சிமன்றத்துக்கும் பெயர் தந்துவிட்டது!

அன்பர்களே! நம்மை 'வயிற்றுப் பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்கள்' என்று சொந்த ஊரிலேயே சிலர் இகழ்வதுண்டு. இதில் நாணுதற்கு என்ன இருக்கின்றது? பறவை இரைக்காகக் கூட்டைவிட்டுப் பறக்கின்றது. குஞ்சுக்கும் சேர்த்தே கொண்டு வருகின்றது. நாமும் மாதந்தோறும் பெற்றோர்க்குப் பணம் அனுப்புகின்றோம். பிள்ளைகளுக்குப் பால், புத்தகம், நல்ல பள்ளி ஆகியவற்றைத் தேர்ந்து தருகின்றோம். இதில் குறையில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. நம் காலனிப் பிள்ளைகள் வீதியில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுகின்றனர். அவை அவர்க்குச் சோறிடும் மொழிகள், வேண்டியவையே. ஆனால், நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் பாதி மணைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. தமிழ் எழுத்தறியாத பிள்ளை, பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதவும் பிறர் துணையை நாட வேண்டியதாகும்.

வயிற்றுக்கு இரை தேர்ந்த நாம், பிள்ளைகளின் நாவுக்குச் சொல்லும் தேர்ந்து ஊட்டுவோம். வருகின்ற ஞாயிறன்றே அவர்களை வகுப்புக்குக் கைப்பிடித்து அழைத்து வருமாறு தாய்மார்களைப் பணிவுடன் வேண்டுகின்றேன்.