வேலை மாறியும் மாறாத பெயர்



சந்தை வந்தால் சாதி தானாகப் போய்விடும், பணத்துக்குப் பிறப்பு தெரியாது என்று பேசுகிறவர்களை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். சீனாவில் சந்தை வந்தபோது பிறப்பு என்ன ஆனது என்று பார்ப்போம்.

1958இல், மாவோ காலத்தில், ‘ஹுக்கோவ்’ என்ற குடும்பப் பதிவு முறை சட்டமானது. விவசாயி, விவசாயி அல்லாதவர் என்று மக்களை இரண்டாகப் பிரித்துப் பதிந்தார்கள். நகரப் பதிவு இருந்தால் ரேஷன் தானியம், அரசு ஆலையில் வேலை, வீடு, மருத்துவம். கிராமப் பதிவு என்றால் கம்யூனில் கிடைப்பதுதான். பிள்ளைக்குத் தாயின் பதிவே வரும். 1998 வரை இதுதான் விதி. பொதுவுடைமை ஆட்சியில் பிறப்பை வைத்து ஒரு முத்திரை! நம் இடதுசாரித் தோழர்கள் பலர் இதைப் பேசுவதேயில்லை.

ஹுக்கோவ் சாதி அல்ல. அதில் தீட்டு இல்லை, அதற்குச் சாத்திரம் இல்லை. கல்லூரிக்குப் போய்ப் பதிவை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோருக்கு அது பிறந்த இடத்திலேயே கட்டிப்போட்ட கயிறு.

1978 கடைசியில் சியாவோகாங் கிராமத்து உழவர்கள் 18 பேர் ரகசியமாகக் கைநாட்டு வைத்து, கம்யூன் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1980இல் ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. ஆலைகளுக்கு ஆள் வேண்டும். 1984இல், சிறு நகரங்களுக்கு உழவர்கள் வரலாம், ஆனால் சாப்பாட்டுத் தானியத்தை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது அரசு. கை வேண்டும், வயிறு வேண்டாம். சந்தைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு உண்டா? கயிறு அறுக்கப்படவில்லை, நீளமாக்கப்பட்டது.

வறுமை குறைந்ததை நான் மறுக்கவில்லை. 40 ஆண்டுகளில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் கொடிய வறுமையிலிருந்து மீண்டதாக உலக வங்கி சொல்கிறது. அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த ஆலைகளில் உழைத்தவர்களை அங்கே எப்படி அழைக்கிறார்கள்? ‘நோங்மின்கோங்’, அதாவது ‘உழவர்-தொழிலாளி’. இருபது வருஷம் செல்போன் பூட்டியவரும் உழவர்தான். வேலை மாறியது, பிறப்பின் பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது. நமக்கு இது புரியாதா என்ன! 2021இல் அரசுக் கணக்குப்படியே இவர்கள் 29 கோடிக்கு மேல்.

2003 மார்ச்சில் குவாங்சோ நகரில் சுன் ஜிகாங் என்ற 27 வயது இளைஞரைப் போலீஸ் பிடித்தது. படித்தவர், வடிவமைப்பாளர். தற்காலிகக் குடியிருப்பு அனுமதிச் சீட்டு கையில் இல்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் அடைப்பில் அடிபட்டுச் செத்தார். நாடே கொதித்தது. வெளியூர்க்காரர்களைப் பிடித்து அடைத்துத் திருப்பி அனுப்பும் அந்த விதியை அதே ஆண்டு அரசு கைவிட்டது.

பதிவு முறை மட்டும் போகவில்லை. விவசாயி, விவசாயி அல்லாதவர் என்ற வகைப்பாட்டை நீக்குவதாக 2014இல் அறிவித்தார்கள். சிறு நகரங்களில் பதிவு பெறுவது எளிதானது. பெய்ஜிங், ஷாங்காய் கதவுகள் திறக்கவில்லை. பெய்ஜிங்கிலேயே பிறந்து அங்கேயே பள்ளிக்குப் போன தொழிலாளியின் மகள், பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு எழுத இன்றும் பெரும்பாலும் அப்பா அம்மாவின் பதிவு இருக்கும் மாகாணத்துக்குத்தான் ரயிலேற வேண்டும்.